குடிலில் விரித்த வைக்கோல்

எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் என்று ஊருக்கு ஒருவர் உண்டு. நன்னிலத்துக்குக் கிழக்கே அந்தச் சின்ன ஊரில் அந்தப் பதவியை மிக்கேல்ராஜ் வகித்துவந்தார். சம்பளமில்லாத வேலைதான், ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டதில்லை. பிழைப்புக்குச் செய்தது மோட்டார் காயில் கட்டும் வேலை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினால், மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்ப்பார். கரண்டு குறைந்து எரிந்ததா, தண்ணீர் புகுந்து எரிந்ததா என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பாது. அதுதான் வினையாகப் போயிற்று. மோட்டாரை மோந்து பார்த்துச் சொல்லத் தெரிந்தவன் வேறு எதையும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று மனுஷன் முடிவுகட்டிவிட்டார்.

கருவாயன் என்ற நாய் அவர் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். அது மருதையனுடைய நாய். மருதையன் வாய்க்கால் கரையில் வயலை ஒட்டித் தனியாக இருந்தவர். அப்பன் காலத்தில் கூலிக்கு நட்ட வயலில் ஒரு துண்டைத் தன் காலத்தில் சொந்தமாக வாங்கி நட்ட மனிதர். சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு ஒரு மாடும் இந்த நாயும்தான் துணை. ஐப்பசி மழையில் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கும் மகள் இசைவாணி வந்து அழைத்துப் போனாள். மாட்டை விற்றார்கள். நாயை என்ன செய்வது? இசைவாணி இருப்பது வாடகைக்கு, மாடியில். நாயெல்லாம் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

நான் வைத்துக்கொள்கிறேன் என்று மிக்கேல்ராஜ் தானாகத்தான் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பட்டறை வைத்த புதிதில் நம்பி முதல் மோட்டாரைக் கொடுத்தவர் மருதையன். அந்த நன்றி அவருக்கு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், பிறகு அவரை ஒரேயடியாகத் திட்டக் கூடாது.

கார் கிளம்புகிற நேரம். பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த மருதையன் தலையை மட்டும் தூக்கினார்.

"தம்பி, இவன் நல்லா பழகுனவன்தான். வெளிக்கிப் போறதுக்கு மட்டும் ஒண்ணு..."

"அண்ணே, நாய் வளக்க எனக்குப் பாடமா? நீங்க காலப் பாருங்க. போயிட்டு வாங்க," என்று மிக்கேல்ராஜ் கதவைச் சாத்தினார். சொல்லாமல் விட்ட மிச்சம் காரோடு தஞ்சாவூருக்குப் போய்விட்டது.

கருவாயனுக்கு ஆறு வயசு இருக்கும். செவலை உடம்பு, மூஞ்சி மட்டும் கரி பூசியது மாதிரி. வந்த அன்று முழுக்கச் சங்கிலி போகிற தூரம்வரை போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றது. மிக்கேல்ராஜ் வீட்டில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் கொல்லை, இரண்டும் சிமெண்டு. நடுவில் போன வருஷம்தான் டைல்ஸ் போட்ட வீடு. மிக்கேல்ராஜின் மனைவி அக்னஸ் அந்தத் தரையைக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை துடைப்பாள். அவளே நாயைத் தெருவில் கோயில் வாசல்வரை நடத்திக்கொண்டு போனாள். தெரு நாய்கள் சூழ்ந்துகொண்டு குரைக்க, அது வாலை இடுக்கிக்கொண்டு போய், வாலை இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. ஒரு சொட்டு விடவில்லை. வாய்க்கால் பக்கம் கூட்டிப் போகலாம் என்றால், பழைய இடத்தைக் காட்டினால் திரும்பி வராது என்று மிக்கேல்ராஜ் சொல்லிவிட்டார். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மழை பிடித்துக்கொண்டதும் நாயை உள்ளே விட்டார்கள். அடுத்த நாள் அக்னஸ் காய் நறுக்க விரித்திருந்த கோரைப்பாயில் போய் நின்று காலைத் தூக்கியது. பாயைக் கழுவிக் காயப்போட்டாள். இரண்டு நாள் கழித்துப் பின்வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கில் போனது. சாக்கை எடுத்துவிட்டு வேறு சாக்குப் போட்டார்கள். அதிலும் போனது.

"பாத்தியா, இத்தனாம்பெரிய வீட்டுல பாத்துப் பாத்து எடம் தேடுறான். கொழுப்பு," என்றார் மிக்கேல்ராஜ்.

"கொழுப்புங்கிறீங்க. அதுக்கு என்ன தெரியும். மருதையண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்," என்றாள் அக்னஸ்.

"அந்த மனுஷன் ஒடம்பு முடியாம கெடக்காரு. நாய் மோண்டுச்சுன்னு போன் போடச் சொல்றியா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. உண்மை அதுவல்ல. பாடமா என்று கேட்டுக் கார்க் கதவைச் சாத்திய கையால் போனை எடுக்க அவருக்குக் கூச்சம்.

பட்டறைக்கு மோட்டார் கொண்டுவந்த துரைராசு ஒரு வழி சொன்னார். "மூஞ்ச அதுலயே வச்சுத் தேச்சு ரெண்டு போடு போடுங்க. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்." யாரிடமும் எதையும் கேட்காத மிக்கேல்ராஜ் இதை மட்டும் கேட்டுக்கொண்டார். அடுத்தமுறை கழுத்தைப் பிடித்து அமுக்கி, கருத்த மூக்கை ஈரச் சாக்கில் தேய்த்தார். நாய் உறுமவில்லை, கடிக்க வரவில்லை. விட்டதும் இரண்டு முறை தும்மிவிட்டு, அவர் கையை நக்கியது. அவர் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிய பிறகும் கை என்னவோ போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற நேரம் பார்த்து மருதையன் போன் செய்வார். வாரம் தவறாது.

"எப்படி இருக்கான் தம்பி?"

"ராசா மாதிரி இருக்கான்ணே."

"வெளிக்கி எல்லாம் ஒழுங்காப் போறானா? அன்னைக்கே சொல்லணும்னு..."

"அதெல்லாம் ஒரு கொறையும் இல்லண்ணே. நம்ம வீட்டுக்கு வந்தா தானாப் பழகிடும்." பக்கத்தில் நின்ற அக்னஸ் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சாக்கைப் பார்த்தார். பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். பதில் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டியது, இவர் உள்ளேயிருந்து ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். போனை வைத்த பிறகு நெஞ்சில் ஒரு முள் நின்றது. அடுத்த வாரமும் அதே பொய்தான், இந்தமுறை முள் கொஞ்சம் ஆழமாகப் போயிற்று.

இப்படியே மார்கழி வந்தது. மிக்கேல்ராஜின் கிறிஸ்துமஸ் குடில் கோயில் பங்கு முழுக்கப் பேர் பெற்றது. மற்ற வீடுகளில் காகித மலையும் சீரியல் லைட்டும் இருக்கும். இவர் குடிலில் தண்ணீர் ஓடும். மீன் தொட்டி மோட்டாரை வைத்து ஒரு குட்டி வாய்க்கால், அதற்கு மதகு, இரண்டு கரையிலும் தட்டுகளில் முளைக்கவிட்ட நெல் நாற்று. மாட்டுக்கொட்டகைக்கு மட்டும் நல்ல வைக்கோல் வேண்டும். இப்போது இயந்திரம் அறுத்துச் சுருட்டிப் போடுகிற வைக்கோல் நைந்து தூளாகக் கிடக்கிறது. மருதையன் கையறுப்பாக அறுத்துப் போட்ட வைக்கோல் அவருடைய மாட்டுக்கொட்டாய்ப் பரணில் காய்ந்தபடி இருப்பது ஞாபகம் வந்தது. போய் ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்தார். அதை ஒழுங்காக விரித்து, தீவனத் தொட்டியில் பாலன் இயேசுவைக் கிடத்தினார்.

கிறிஸ்துமஸ் முடிந்து, வீட்டுக் குடில்களைப் பார்க்க ஒரு சிஸ்டரும் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். நல்ல குடிலுக்குப் பரிசு உண்டு. மிக்கேல்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை. மதகைத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார். கொல்லையில் கட்டியிருந்த நாயைப் பார்த்து ஒரு பிள்ளை, "கடிக்குமா மாமா?" என்றது. சும்மா இருந்திருக்கலாம். "இவனா? சொன்ன பேச்சு கேப்பான். நான் பழக்குன பழக்கம்," என்று சங்கிலியை அவிழ்த்து உள்ளே கூட்டிவந்தார்.

கருவாயன் நடு வீட்டில் நின்று மூக்கைத் தூக்கியது. அந்த வீட்டுக்கு வந்த நாளாக இடுக்கியே வைத்திருந்த வால் மெல்ல மேலே வந்தது, ஆடியது. நேராகக் குடிலுக்குப் போய் வைக்கோலை மோந்தது. சுற்றி நின்றவர்களையெல்லாம் விட்டு மிக்கேல்ராஜை மட்டும் திரும்பிப் பார்த்தது. பிறகு சூசையப்பர் சொரூபத்தைச் சாய்த்துக்கொண்டு உள்ளே ஏறி, பாலன் இயேசுவுக்குப் பக்கத்தில் பின்காலைத் தூக்கியது.

பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டரும் வாயைப் பொத்திக்கொண்டார், பாவம், அவரும் மனுஷிதானே. "பரவால்லீங்க, வாயில்லா ஜீவன்," என்றார். மிக்கேல்ராஜ் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவர்களைத் தெருமுனைவரை அனுப்பிவிட்டு வந்து, கதவைச் சாத்தி, பட்டறையில் கிடந்த பச்சை ஓஸ் துண்டை எடுத்தார்.

அடித்தார். எத்தனை என்று அவருக்கும் தெரியாது. ஓடினால்கூடப் பரவாயில்லை, அது ஓடவில்லை. டைல்ஸில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தது. பயத்தில் மறுபடியும் ஈரம் போயிற்று, அதற்கும் சேர்த்து அடித்தார். அக்னஸ் ஓடிவந்து ஓஸைப் பிடித்து இழுத்தாள். "போதும். நீங்க நாய அடிக்கல, அந்தப் புள்ளைங்க சிரிச்சதுக்கு அடிக்கிறீங்க," என்றாள். வாஸ்தவம் அதுதான். வாஸ்தவத்தைக் கேட்கப் பிடிக்காமல் அவர் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அக்னஸ் நனைந்த வைக்கோலை அள்ளிக் கொட்டிவிட்டு, கொண்டுவந்த கட்டு வைக்கோலில் மிச்சம் இருந்ததைக் குடிலில் விரித்தாள்.

மறுநாளிலிருந்து வீடு சுத்தமாக இருந்தது. பாயில் இல்லை, சாக்கில் இல்லை. மிக்கேல்ராஜ் ஞாயிற்றுக்கிழமை போனில், "சுத்தமாப் பழகிட்டான்ணே," என்றார். சந்தோஷமாகச் சொல்லத்தான் நினைத்தார், குரல் ஒத்துழைக்கவில்லை. ஏனென்றால் அவர் கண்ணில் வேறொன்று பட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சட்டி வைத்தபடியே நிறைந்து இருந்தது. அவர் உள்ளே நுழைந்தால் நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போயிற்று. பட்டறையில் ஓஸை இழுக்கிற சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போயிற்று. வருஷப் பிறப்புப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றார். முறை நெருங்க நெருங்க, சாமி, ஒரு நாயை அடித்துவிட்டேன் என்று சொல்வதை நினைத்துப் பார்த்தார். சாமியார் புன்னகை செய்து, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அது போதாது என்று மிக்கேல்ராஜுக்குத் தெரிந்தது. வரிசையை விட்டு வந்துவிட்டார்.

அந்த வாரமே அக்னஸ் நாற்றத்தைக் கண்டுபிடித்தாள். பீரோவுக்குப் பின்னால், சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் நாய் எப்படி நுழைந்தது என்றே தெரியாத சந்தில், காய்ந்தும் காயாமலும் கிடந்தது. பழகவில்லை. ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"இது நம்மளால ஆவாதுங்க. அண்ணனுக்கு உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க. அவங்களே ஒரு ஏற்பாடு பண்ணட்டும்," என்றாள்.

சொல்லலாம். ராசா மாதிரி இருக்கிறான் என்றதை, ஒரு குறையும் இல்லை என்றதை, சுத்தமாகப் பழகிவிட்டான் என்றதை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டுச் சொல்ல வேண்டும். அதைவிட, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்வது சுலபமாகத் தெரிந்தது அவருக்கு. நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனுக்கும் இப்படி ஒரு புத்தி வரத்தான் செய்கிறது.

மத்தியானம் சாப்பாடு முடிந்து அக்னஸ் கண்ணயர்ந்த நேரம், எக்ஸ்எல் வண்டியின் முன்பக்கத்தில் கருவாயனை ஏற்றி நிறுத்திக்கொண்டு கிளம்பினார். ஆற்றுப் பாலம் தாண்டி அந்தப் பக்கம் விட்டுவிட்டால் தீர்ந்தது. ஆற்றுக்கு வாய்க்கால் கரை வழியாகத்தான் பாதை. சம்பாப் பயிர் கதிர் வாங்கி நின்றது. நாய் அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றது. அந்த நடுக்கம் ஹேண்டில்பார் வழியாக அவர் கைக்கு வந்துகொண்டே இருந்தது. திரும்பிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. திரும்பினால் மருதையனிடம் என்ன சொல்வது என்று அதையும் தள்ளிவிட்டார்.

மருதையன் வீட்டுக்கிட்டே வந்ததும் நடுக்கம் நின்றது. அவர் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் கருவாயன் குதித்துவிட்டது. பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்னால் ஓடியது. வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு இவரும் ஓடினார்.

மாட்டுக்கொட்டாயில் மாடு கட்டும் இடம் கூட்டியது கூட்டியபடி இருந்தது. கடைசி மூலையில் மட்டும், இரண்டு செங்கல் தடுப்புக்குள், பழைய வைக்கோல் ஒரு பாய் அளவுக்குப் பரப்பிக் கிடந்தது. மக்கி, நிறம் மாறி, நடுவில் பள்ளம் விழுந்து, வருஷக்கணக்காக ஒருவனே வந்து போன இடம் என்று பார்த்ததும் தெரிந்தது. கருவாயன் அதில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, காலைத் தூக்கியது. போனது, போய்க்கொண்டே இருந்தது. எத்தனை நேரமாக அடக்கி வைத்திருந்ததோ, கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

மிக்கேல்ராஜ் மேலே பார்த்தார். பரணில், கிறிஸ்துமஸுக்கு அவர் அள்ளிய இடம் குழியாகத் தெரிந்தது. பாய், சாக்கு, குடில் என்று ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் வரிசையில் நின்றன. அந்தச் சிமெண்டு வீட்டில் வைக்கோலைப் போல இருந்த ஒவ்வொன்றையும் அது தேடித் தேடிப் பார்த்திருக்கிறது. கடைசியில் தன் சொந்த வைக்கோலையே அவர் கொண்டுவந்து விரித்ததும், வாலை ஆட்டி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்டதற்குத்தான் அவ்வளவு அடி. "அட பாவி," என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னது தன்னைத்தான்.

அந்தச் சத்தத்தில் கருவாயன் கண்ணைத் திறந்தது. வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தது. முடியவில்லை, இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது, அப்படியே வயிற்றை ஒட்டி அந்த ஈர வைக்கோலில் படுத்துக் காதை மடக்கிக்கொண்டது. அடி விழக் காத்திருந்தது.

மிக்கேல்ராஜ் பக்கத்தில் போகவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் போன் வந்ததும் மருதையன் பதறிப்போனார்.

"என்ன தம்பி, கருவாயனுக்கு எதும்..?"

"அண்ணே, அவன் இங்க உங்க கொட்டாயிலதான் இருக்கான். வைக்கோல்ல. நான் இப்பத்தான் பாத்தேன்."

"அங்கயா போனான். குட்டியா இருக்கையில மழைக்காலத்துல சுத்தித் தண்ணி நிக்கும் தம்பி, எங்க போவான்? அந்த மூலையில வைக்கோலப் போட்டுப் பழக்குனேன். அத விட்டா வேற எடம் தெரியாது அவனுக்கு. ஏன், அங்க எப்படி..."

"அண்ணே, நான் அவன அடிச்சுட்டேன். ஓஸால. நெறைய. உங்கள்ட்ட சொன்னதெல்லாம் பொய். இப்பக்கூட ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வரத்தான் ஏத்திக்கிட்டு வந்தேன்."

அந்தப் பக்கம் தஞ்சாவூர்த் தெருவில் போகிற பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. திட்டட்டும் என்று காத்திருந்தார். திட்டினால் தாங்கியிருப்பார்.

"என் தப்புதான் தம்பி," என்றார் மருதையன். "காரு கெளம்புற அவசரத்துல சொல்லாம வந்துட்டேன். படுத்துக்கெடந்து தெனம் நெனப்பேன். நீங்க என்ன பண்ணுவீங்க."

"நீங்க சொல்ல வந்தீங்கண்ணே. நான்தான் கதவச் சாத்துனேன்."

"சரி விடுங்க," என்றார் அவர். சற்றுப் பொறுத்து, குரலை இறக்கி, "தண்ணி குடிக்கிறானா?" என்று கேட்டார்.

பரணிலிருந்து வைக்கோல் அள்ள மனசு வரவில்லை, ஏற்கெனவே ஒருமுறை அள்ளியது போதும் என்று இருந்தது. நாயை வண்டியில் ஏற்றவும் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார், அது பத்தடி பின்னால் வந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராகக் குடிலுக்குப் போய், பாலன் இயேசுவைத் தூக்கித் தோள் துண்டில் கிடத்திவிட்டு, அடியிலிருந்த வைக்கோல் முழுவதையும் வாரினார்.

"மூவரசர் திருநாள் வரைக்கும் குடில் இருக்கணும். வெறுந்துண்டுலயா போடுறீங்க?" என்றாள் தூக்கம் கலைந்து வந்த அக்னஸ்.

"அவரு கோவிச்சுக்கமாட்டாரு. அவரும் எடமில்லாம வந்தவருதான்," என்றார். கொட்டாயில் பார்த்ததை அவர் சொல்லி முடித்ததும் அக்னஸ் வைக்கோலை வாங்கிக்கொண்டாள். கொல்லையில் சுவரோரம் இரண்டு செங்கல்லை வைத்து, நடுவில் வைக்கோலை விரித்துக் கொடுத்தாள்.

கருவாயன் வந்து மோந்தது. ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மிக்கேல்ராஜைப் பார்த்தது, காதை மடக்கியது, இறங்கிவிட்டது. "போடா ராசா, போ," என்று சொல்லிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். அவர் பார்க்கிறவரை அது போகவில்லை. கடைசியில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுநேரம் கழித்துப் பின்னால் வைக்கோல் சரசரத்தது.

தை பிறந்து, அறுவடை முடிந்து, மருதையன் வயலில் அறுத்த புது வைக்கோல் ஒரு கட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டது. நாய் வீட்டுக்குள் ஒரு சொட்டு விடுவதில்லை. தண்ணீர் குடிக்கிறது. மழை வந்தால் கட்டிலடியில் தூங்குகிறது. ஆனால் காலையில் கொல்லைக்கு வந்தால் மிக்கேல்ராஜ் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். முடிந்ததும் கருவாயன் வந்து காலில் உரசினால் திரும்பலாம். சில நாள் அது உரசுவதில்லை, நேரே உள்ளே போய்விடுகிறது. அன்றைக்கு அது உள்ளே போய்விட்டது என்று அக்னஸ் வந்து சொல்கிறவரை மனுஷன் அப்படியே நிற்கிறார்.